சறுக்குக்கட்டை மாப்பிள்ளை

மட்டிக்குளம் என்ற ஊர்ப் பெயரில் உள்ள ‘மட்டி’, நாஞ்சில் நாட்டு வாழைப்பழ வகை ஒன்றைக் குறிக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அகராதி வேறொரு பொருளும் தருகிறது. இரண்டு தரப்பையும் சீர்தூக்கிப் பார்த்ததில், அந்த ஊரில் ஒரு வாழைமரம்கூட இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த ஊர்ப் பொன்னம்பலத்துக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் கூடிவந்தது. இது இரண்டாவது முறை. முதல் முறை, பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று அச்சாகியிருந்தது. மட்டிக்குளத்தார் அதன்படியே மாப்பிள்ளையை நடுவில் நிறுத்தி, சுற்றத்தை உள்வட்டமாகவும் நட்பை வெளிவட்டமாகவும் சூழவைத்துக் கிளப்பினார்கள். வட்டம் பஸ் வாசலில் நுழையவில்லை. நடந்தே போனார்கள். ஆற்றுப்பாலத்தில் வட்டம் நசுங்கி நீண்டுபோயிற்று. அது சூழ்ந்த கணக்கில் சேருமா என்று பாலத்தின் மேல் நின்று பேசி முடிப்பதற்குள், பெண் வேறொருவருக்கு மனைவியாகிவிட்டாள்.

இந்த முறை பெண் இமயமலையில் இருந்தாள். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆவுடையப்பன் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே ஹிம்தார் என்ற பனியூரில் குடியேறி, மெஸ் நடத்தி, பனியில் விளையாட வருகிறவர்களுக்கு இட்லி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகள் கோமதி. அந்த ஊரிலேயே பிறந்தவள், பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். பதினோரு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருந்தாள். “பதினோரு பேரும் கெட்டிக்காரங்க. எனக்கு ஒரு ஆள் போதும், சொன்னா சொன்னபடி கேக்கணும்” என்பது அவள் கட்சி. பொன்னம்பலத்தோடு ஒரே ஒருமுறை தொலைபேசியில் பேசிவிட்டுச் சரி என்றாள். அவன் ‘வச்சிரட்டுமா’ என்று கேட்டதற்கு அவள் ‘கொஞ்சம் இருங்க’ என்றிருக்கிறாள். மறுநாள் காலை வரை இருந்தான்.

முகூர்த்தம் தை இருபத்தெட்டு, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. அந்தப் பத்தரையோடு பொன்னம்பலத்துக்குக் குருபலன் முடிகிறது. விட்டால் இன்னும் மூன்று வருஷம் கழித்துத்தான் என்று சோசியர் கறாராகச் சொல்லியிருந்தார். பொன்னம்பலம் அந்த வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மலையடிவாரத்தில் வந்து இறங்கியபோது நாலு நாள் மிச்சமிருந்தது. கணவாய்ப் பாதையைப் பனி மூடியிருந்தது. வளைந்து போகிற வேறு சாலை இருக்கிறது, பஸ்ஸில் ஒரே நாள் என்றார்கள். சொந்தக்காரர்கள் சந்தோஷமாக பஸ் ஏறினார்கள், அவர்கள் வெளியூர்க்காரர்கள். பொன்னம்பலத்தை எடுத்து வளர்த்த தாய்மாமன் சபாநடேசன் மட்டும் ஏறவில்லை.

“எங்க அப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சிக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமாவே? ‘எந்தக் காலத்திலயும் நேர்வழியிலதான் போகணும்’னாரு. நல்ல காரியத்துக்குப் போகும்போது வளைஞ்சு போற வழியில போவனா நான்?”

மட்டிக்குளத்தில் சபாநடேசனுக்கு அறிவாளி என்று பெயர். ஆகவே மாமனோடு மாப்பிள்ளை நின்றான். மாப்பிள்ளையோடு அவன் பெரியப்பா மகன் தாண்டவராயன் நின்றான். தாண்டவராயன் கொத்தனார், தளம் சமமா என்று குமிழி வைத்துப் பார்க்கிற ரசமட்டம் இல்லாமல் வெளியூர் கிளம்பாதவன். மாப்பிள்ளைத் தோழன் இசக்கியப்பன், எல்லாரும் நிற்கிறார்களே என்று நின்றான்.

அந்த அடிவாரத்து ஊரில் நேகி என்று ஒரு வழிகாட்டி. நீலகிரியில் பட்டாளத்தில் இருந்தவர், தமிழ் பேசுவார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, கல்யாணம் என்பதால் இரங்கினார். “சறுக்குக்கட்டை மாட்டிக்கிட்டு மலையேறி அந்தப் பக்கம் இறங்கணும். நடுவுல மூணு குடில். ஒரு நாளைக்கு ஒரு குடில்ல தங்கல். நானே கூட்டிட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணுதான்: நான் செய்யறதை அப்படியே செய்யணும்.”

நாலு பேரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவில் பயிற்சி தொடங்கியது. நேகி பத்தடி சறுக்கினார். நாலு பேரும் சறுக்கினார்கள். நேகி இவர்களைத் திரும்பிப் பார்த்த அதிர்ச்சியில் தடுமாறி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, இந்தியில் உரக்க ஒரு வார்த்தை சொன்னார். நாலு பேரும் விழுந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னார்கள். அதன் பொருளை நான் எழுதப்போவதில்லை.

நேகிக்கு மட்டும் முழங்கால் நிஜமாகவே போயிருந்தது. கட்டிலில் படுத்தபடி, போகவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நாலு பேரும் பதிலுக்குக் கும்பிட்டார்கள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு வழி சொன்னார்.

“சிவப்புக் கம்பம் நட்டிருக்கும். அதை விட்டு விலகாதீங்க. மூணு விஷயம் ஞாபகம் வைங்க. ஏத்தத்துல கட்டைக்கு அடியில தோல் ஒட்டணும், வழுக்காம இருக்கும். எறக்கத்துல உரிச்சிடணும்.”

“தோலா? நாங்க சைவம்லா” என்றார் சபாநடேசன்.

“பேருதான் தோல். நைலான்.”

“நைலான் எந்த மிருகம், மாமா?” என்றான் இசக்கியப்பன்.

“மிருகம் இல்லலே, அது செடி” என்றார் சபாநடேசன். எல்லாருக்கும் நிம்மதியாயிற்று.

“ரெண்டாவது, பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும். மூணாவது, குடில்ல தங்கிட்டுக் கிளம்பும்போது, நீங்க வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். அது மலையோட மரியாதை.”

மூன்றையும் திருப்பாவை மாதிரி ஒப்பித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

மலையில் ஏற்றம் என்றால் ஒரேயடியாக ஏற்றம் இல்லை. முழ உயரம் ஏறும், சாண் இறங்கும். தாண்டவராயன் பத்தடிக்கு ஒருமுறை பனியில் ரசமட்டத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “ஏத்தம்!” என்பான். எல்லாரும் உட்கார்ந்து தோலை ஒட்டுவார்கள். “எறக்கம்!” என்பான். உரிப்பார்கள். நண்பகலுக்குள் நாற்பத்தொரு தடவை ஒட்டி, நாற்பது தடவை உரித்திருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் நேகியின் வீட்டுக் கூரை தெரிந்தது. ஜன்னலில் நேகியும் தெரிந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓரிடத்தில் ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றுவிட்டது.

“ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல” என்றான் தாண்டவராயன்.

சபாநடேசன் வெகுநேரம் யோசித்தார். “பாதி ஒட்டுவோம். ஒரு கட்டைக்குத் தோல், ஒரு கட்டைக்குச் சும்மா.”

நல்ல தீர்ப்புதான். ஆனால் பனி அதை ஏற்கவில்லை. ஒரு கால் ஓடியது, ஒரு கால் நின்றது. பொன்னம்பலம் செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். எட்டாவது சுற்றில், “மாமா, பசிக்கி” என்றான்.

எல்லாரும் உறைந்துபோனார்கள்.

“பசிச்சிட்டா?” என்றார் சபாநடேசன்.

“பசிச்சிட்டு.”

“போச்சு. பசிக்கதுக்கு முன்னாலதான் சாப்பிடணும்னு சொன்னாருல்லா? ஏம்லே அதுக்கு முன்னாலயே சொல்லல?”

“அதுக்கு முன்னால பசிக்கலயே மாமா.”

இந்த வாதத்தில் நியாயம் இருந்தது. இசக்கியப்பன் முறுக்கு டப்பாவைத் திறந்து, மூடி, திறந்து, மூடினான். கடைசியில் சபாநடேசன்தான் வழி கண்டார். “அடக்கிக்கிட்டு இரு. பசி தானா அத்துப்போவும். அத்துப்போனதும், அடுத்த பசி வாரதுக்குள்ள கப்புன்னு சாப்பிட்டுரலாம்.” அப்படியே செய்தார்கள். சூரியன் சாய்கிற நேரத்தில் பொன்னம்பலத்துக்குப் பசி மரத்துப்போயிற்று. உடனே வாயில் முறுக்கைத் திணித்தார்கள்.

முதல் குடிலை அடைந்தபோது அதன் கதவைப் பனி கழுத்தளவு மூடியிருந்தது. குடில் வாசலில் இருந்த மண்வெட்டியால் இரண்டு மணி நேரம் அள்ளி, உள்ளே போய், அடுப்பு மூட்டிப் படுத்தார்கள்.

காலையில் கிளம்பும்போது சபாநடேசன் கதவைப் பார்த்தார். “வரும்போது எப்படிலே இருந்தது?”

“கழுத்துவரைக்கும் பனி.”

“அள்ளுங்கலே.”

அள்ளினார்கள். கழுத்து என்றால் யார் கழுத்து என்று ஒரு பிரச்சினை எழுந்தது. தாண்டவராயன் குள்ளம். ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, பூசி மெழுகி, ஒரு சுவர் எழுப்பிய பெருமையோடு பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். “ஒருத்தன் வந்துட்டுப் போனான்னு சொல்ல முடியுமா?”

“முடியாது” என்றான் பொன்னம்பலம். பிறகு தன் கால்களைப் பார்த்தான். “அண்ணே, சறுக்குக்கட்டையெல்லாம் எங்க?”

சறுக்குக்கட்டைகள் உள்ளே இருந்தன. மறுபடி தோண்டினார்கள், எடுத்தார்கள், மறுபடி மூடினார்கள். குடில் கண்ணுக்குத் தெரிகிற கடைசிக் கம்பத்துக்கு வந்தபிறகு இசக்கியப்பன் முறுக்கு டப்பாவை நினைத்துக்கொண்டான். அதைப் பற்றி வேண்டாம்.

இரண்டாவது குடிலில் ஒரு ஜெர்மானியர் தூங்கிக்கொண்டிருந்தார். யோஹான் என்று பெயர். ஆறடி நாலங்குலம், பொன்னிறத் தாடி, தனியாக மலை மலையாகச் சறுக்குகிறவர். காலையில் விழித்து, இந்த நால்வரையும் இவர்கள் கட்டை மாட்டுகிற அழகையும் பார்த்தார். நல்ல மனிதர். “நானும் வருகிறேன், வழி காட்டுகிறேன், நிற்பதற்கும் கற்றுத்தருகிறேன்” என்று கைச்சாடையில் சொன்னார்.

அவர் சொன்னது இவர்களுக்கு மிகவும் தேவையான விஷயம். ஏனென்றால் நிற்பது எப்படி என்ற பாடத்துக்கு வரும்முன்பே நேகியின் முழங்கால் போய்விட்டது. இதுவரை நிற்கவேண்டிய இடத்திலெல்லாம் இவர்கள் உட்கார்ந்துதான் நின்றிருக்கிறார்கள்.

“ரொம்ப உபகாரம்” என்றார் சபாநடேசன். “ஆனா நாம வரும்போது இவரு என்ன செஞ்சிக்கிட்டு இருந்தாரு?”

“தூங்கிக்கிட்டு இருந்தாரு” என்றான் இசக்கியப்பன்.

“அப்ப?”

மூவரும் யோஹானைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக அவரைச் சூழ்ந்தார்கள். தாண்டவராயன் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தான். இசக்கியப்பன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். பொன்னம்பலம் பக்கத்தில் உட்கார்ந்து ஆறடி நாலங்குலத்தைத் தட்டிக்கொடுத்தான். சபாநடேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரிரரோ என்று எடுத்தார்.

யோஹான் எழப் பார்த்தார். “ச்சூ… கண்ணை மூடு ராசா” என்றான் இசக்கியப்பன், கன்னத்தைத் தடவி. நாலு மீசைக்காரர்கள் நாலு பக்கமும் உட்கார்ந்து, முகூர்த்தம் தப்பிவிடுமே என்ற பதற்றத்தில் கண் சிவந்து தாலாட்டுப் பாடினால் என்ன தோன்றுமோ அது அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வந்தபோது குறட்டை விட்டாரே என்று தாண்டவராயன் நினைவூட்டினான். காத்திருந்தார்கள். இவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று எப்படியோ புரிந்துகொண்டு, நடுங்கும் குரலில் அவர் குறட்டையும் விட்டார். இவர்கள் அடிமேல் அடிவைத்து வெளியே வந்தபோது மணி பதினொன்று.

மூன்றாம் நாள், கணவாயின் உச்சியை எட்டும்போது மாலையாகத் தொடங்கியிருந்தது. மறுநாள் காலை கல்யாணம். பொன்னம்பலம் பனியில் உட்கார்ந்து அழுதுவிட்டான்.

“ஒவ்வொரு குடிலையும் ஒழுங்குபண்ணிட்டுக் கிளம்ப உச்சிப்பொழுதாயிருது. நாளைக்கும் அப்படி ஆச்சுன்னா இன்னும் மூணு வருசம் மாமா. அப்ப எனக்கு முப்பத்தொம்பது.”

சபாநடேசனின் நெஞ்சு கலங்கியது. கலங்கிய நெஞ்சோடு அவர் யோசித்ததில் பிறந்ததுதான் அவர் வாழ்நாளின் மிகப் பெரிய யோசனை.

“வந்தப்ப எப்படி இருந்துதோ அப்படி விடணும். சரி. எப்படி இருந்துதுன்னு பாத்தாத்தானே? பாக்கவே இல்லைன்னா?”

மற்ற மூவரும் அவரை வியப்போடு பார்த்தார்கள்.

“குடில் எங்க வரும்னு நமக்குத் தெரியாது. தப்பித்தவறிக் கண்ணுல பட்டுட்டா வம்பு. அதனால இங்கயே கண்ணைக் கட்டிக்கிடுவோம்.”

பனிச்சறுக்கு நூல்கள் இந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. நால்வரும் துண்டால் கண்ணைக் கட்டி, தோலை உரித்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, முருகா என்று கூவி மலையிலிருந்து இறங்கினார்கள். சிவப்புக் கம்பங்களில் ஏழெட்டை எடுத்துக்கொண்டே போனார்கள். மூன்றாவது குடிலின் வாசலில் நின்றிருந்த காவல்காரர் கையசைத்ததையும், பிறகு கையை இறக்க மறந்ததையும் அவர்கள் பார்க்கவில்லை. உட்காரலாமா என்று இசக்கியப்பன் கேட்டான். யார் முதலில் என்று பேச்சு வந்தது. அது தீருவதற்குள் ஒரு வைக்கோற்போரில் போய்ச் செருகிக்கொண்டார்கள்.

தடவிப் பார்த்ததில் ஒரு வாசல் தட்டுப்பட்டது. “குடில்” என்றார் சபாநடேசன். உள்ளே இதமான சூடு. ஒரு சுவர் மட்டும் மெத்தென்று, மூச்சு வாங்கியது.

“மாமா, சுவரு என் சட்டையத் திங்கி.”

“வரும்போதே தின்னுக்கிட்டு இருந்துதோ என்னமோ. நமக்கெதுக்கு? விட்டுரு.”

விடிந்ததும் பால் கறக்கும் பாத்திரத்தோடு வந்த ஆவுடையப்பன், தன் மாட்டுத்தொழுவத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நாலு பேர் மாட்டின் மேல் சாய்ந்திருப்பதைக் கண்டார்.

“யாருவே அது?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க” என்றார் சபாநடேசன், வணங்கி. மாட்டைப் பார்த்து வணங்கினார்.

“கண்ணைத் தொறங்கவே!”

“குடிலை விட்டு வெளிய போயித்தான் தொறப்போம். அது மலையோட மரியாதை.”

ஆவுடையப்பன் நால்வரையும் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தார். எப்படியானால் என்ன, மாப்பிள்ளை வந்துவிட்டான்; அதுவும் முகூர்த்தத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால். பொன்னம்பலத்துக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. பஸ்ஸில் முன்பே வந்து சேர்ந்த சொந்தக்காரர்கள் மூன்று நாளாக உப்புமா சாப்பிட்டுக் கொழுத்திருந்தார்கள்.

சாணம் போகக் குளிப்பாட்டிப் பட்டுவேட்டி கட்டுவதற்குள் பத்து மணியாகிவிட்டது. தில்லியிலிருந்து வந்திருந்த ஐயர் அவசரப்பட்டார். “காசியாத்திரை முடிச்சுட்டு நேரே தாலிதான். மாப்பிள்ளை, நன்னா கேட்டுக்கோங்கோ. சந்நியாசியாப் போறேன்னு காசிக்குக் கிளம்பறேள். மாமனார் வந்து, ‘காசிக்குப் போகாதீங்கோ, என் பொண்ணைக் கட்டிக்கோங்கோ’ன்னு கூப்பிடுவார். அதுவரைக்கும் நிக்கப்படாது. அப்புறம் திரும்பி வந்து நேரா மணையிலதான் உக்காரணும், நடுவில எங்கயும் உக்காரப்படாது. குடை எங்கே? தடி எங்கே? காலுக்குப் பாதரட்சை?”

குடை வந்தது. தடிக்குச் சறுக்குக்கோல் இருந்தது. செருப்பை மாடு தின்றிருந்தது. காலில் போட்டுக்கொள்ள மாப்பிள்ளையிடம் இருந்தவை சறுக்குக்கட்டைகள் மட்டுமே.

மட்டிக்குளத்தில் காசியாத்திரை தெருமுனை மின்கம்பத்தோடு முடிந்துவிடும். காசி அங்கிருந்து ரயிலில் இரண்டு நாள், யாரும் கவலைப்படுவதில்லை. ஹிம்தாரிலிருந்து காசி தெற்கே இருக்கிறது. முழுக்க இறக்கம்.

பொன்னம்பலம் விரித்த குடையோடு வாசலில் காலெடுத்து வைத்தான். வடக்கேயிருந்து நல்ல காற்று. ஆவுடையப்பன் சரியாக அந்த நேரத்தில் பாயசம் அடிப்பிடிக்கிறதென்று உள்ளே ஓடியிருந்தார். தேங்காய்த் தட்டோடு அவர் வெளியே வந்தபோது மாப்பிள்ளை ஒரு புள்ளியாக இருந்தான்.

“போகாதீங்க மாப்ளே!” என்று கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார்.

“கேக்காதுவே” என்றார் சபாநடேசன், பெருமையாக. “எம் மருமவன் சொன்னா சொன்னதுதான். நாளைக்குச் சாயந்தரம் கங்கையில குளிச்சிருவான்.”

கூறைப்புடவையில் வெளியே வந்த கோமதி, “மாப்பிள்ளை எங்க?” என்றாள்.

“காசிக்குப் போயிட்டாரு” என்றான் இசக்கியப்பன்.

அவள் உள்ளே திரும்பினாள். தாலியை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கட்டையை மாட்டினாள். அப்பனை மூன்றாவது வளைவில் தாண்டினாள். ஊருக்குக் கீழே உள்ள பாலத்துக்குச் சற்று முன்னால் மாப்பிள்ளையை எட்டிப் பிடித்தபோது மணி பத்து இருபத்திரண்டு.

“நில்லுங்க!”

“நிக்கக் கூடாதாம். உங்க அப்பா வந்து சொல்லணும்.”

“அப்ப உக்காருங்க!”

“மணையிலதான் உக்காரணுமாம்.” குடைக்குக் கீழே அவன் கண்களில் நீர் காற்றில் பின்னோக்கி ஓடியது. “எட்டு நிமிசத்துல குருபலன் முடிஞ்சிருதுங்க. நான் என்ன செய்யட்டும்?”

கோமதி அவன் பக்கத்தில் ஒட்டி வந்தாள். “நின்னுக்கிட்டோ உக்காந்துக்கிட்டோதான் தாலி கட்டணும்னு யாராவது சொன்னாங்களா?”

பொன்னம்பலம் நேர்மையாக யோசித்தான். ஒரு தேவதாரு மரம் கடந்து போயிற்று. “சொல்லல.”

“அப்ப கட்டுங்க.”

அவள் அவனுக்கு முன்னால் வந்து, முதுகைக் காட்டி, கூந்தலை ஒதுக்கி, அவன் வேகத்துக்கே சறுக்கினாள். அவன் குடையை விட்டான். அது தனியாகக் காசிக்குப் போயிற்று. முதல் முடிச்சு பாலத்தின் மேல் விழுந்தது. இரண்டாவது, பாலத்தைத் தாண்டி ராணுவ லாரி ஒன்றுக்கு வழிவிட்டபோது. மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போடவேண்டும் என்று அவன் தயங்கியதில் ஒரு நிமிஷம் வீணாயிற்று. பத்து இருபத்தெட்டுக்கு அதுவும் விழுந்தது. பத்து இருபத்தொன்பதுக்கு இருவரும் சாலையோரப் பனிமேட்டில் இடுப்பளவு புதைந்தார்கள். நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. குத்தி வைத்தமாதிரி இருந்தார்கள். கோமதி தன்னை விடுவித்துக்கொண்டு குடையைத் தேடிக் கீழே போனாள்.

கால் மணி நேரம் கழித்து ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். மூச்சு இரைக்க, தலையில் பனியோடு, உடையாத ஒரே தேங்காயைத் தட்டில் வைத்து மாப்பிள்ளை முன்னால் நீட்டி, முறைப்படிச் சொன்னார்:

“காசிக்குப் போகாதீங்க மாப்ளே. என் பொண்ணைக் கட்டிக்கிடுங்க.”

பொன்னம்பலம் பனிமேட்டில் இருந்தபடியே கைகூப்பினான்.

“மன்னிச்சிக்கிடணும் ஐயா. எனக்கு இப்பத்தான் கல்யாணம் ஆச்சு. நீங்க ஒரு கால் மணி நேரம் முந்தி வந்திருக்கலாம்.”